அண்ணனின் கறுப்புக் காரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளையும்

பன்டமா, குமாசி.
புதன்கிழமை காலை.

ஹாம்பர்க் நகரவாசியும், மூன்று நாட்களாக எங்கள் குடும்பத்தின் தலைவருமாகிய மதிப்பிற்குரிய அண்ணன் குவாட்வோ நிமாக்கோ அவர்களுக்கு, தம்பி யாவ் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி அக்யாவும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் குடும்பத்தின் சுகக்கேடெல்லாம் பன்டமாவிலேயே தங்கிவிடுகிறது, கடல் தாண்டிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. குளிர் குறைந்ததா? முழங்கால் வலி தேவலையா? நம் மாமா அட்டகோராவின் சாவுச் சடங்குகள் நல்லபடியாக முடிந்தன. நல்லபடியாக என்றால், மாமாவைப் பொறுத்தவரையில்.

திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். நாலு நிமிடச் செய்தியில் "பரவாயில்லை" என்று பதினொரு தடவை சொல்லியிருக்கிறீர்கள். "யாவ், நான் கோபப்படலடா. மனசுதான் கஷ்டமா இருக்கு. பரவாயில்லை. காருக்கு என்ன ஆச்சுன்னு மொதல்லேருந்து ஒரு தாள்ல எழுதிக் குடு. நாற்பதாம் நாள் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் படிச்சிடுவோம். அதோட முடிஞ்சுது. பரவாயில்லை." முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தப்பு செய்த பிள்ளைகளை இதேபோல எழுதச் சொல்லியிருக்கிறேன். அறுபத்து நாலு வயதில் அந்தத் தாளை நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன், சந்தோஷம்.

காரைக் கப்பலிலிருந்து இறக்கிய நாளிலிருந்தே தொடங்குகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஜனவரி மாதம், தெமா துறைமுகத்தில் நீங்களும் நானும் இரண்டு நாள் காத்துக்கிடந்தோம். கடைசியில் அந்தக் கறுப்பு ஜெர்மன் காரைக் கண்ணில் காட்டினார்கள். உடம்பு முழுக்கத் தூசி. "ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டிடா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் எடுப்பாராம்" என்றீர்கள். நான் கிட்டே போவதற்குள், "பசிக்குதுடா யாவ், கெங்கேயும் பொரிச்ச மீனும் வாங்கிட்டு வா. அவசரமில்லை, நல்ல கடையாப் பார்த்து வாங்கு" என்று அனுப்பிவைத்தீர்கள். ஒரு மணி நேரம் கழித்து நான் புளித்த சோளமாவுக் கெங்கே இலைப்பொட்டலத்தோடு திரும்பினால், கார் பளபளவென்று நிற்கிறது, கதவில் என் முகமே தெரிகிறது. உங்கள் பத்து நகமும் கறுப்பு. "கப்பல் தூசிடா" என்றீர்கள். அந்தக் கறுத்த விரல்களாலேயே கெங்கேயைப் பிட்டுச் சாப்பிட்டீர்கள். தம்பிக்கு அழுக்குக் காரைக் கொடுக்கக் கூடாதென்று அண்ணன் தன் கையாலேயே துடைத்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. குமாசி வரைக்கும் நான் ஓட்டினேன், நீங்கள் பின்சீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உபதேசம் செய்துகொண்டே வந்தீர்கள். "மூணு மாசத்துக்கு இதுக்குத் தண்ணியே காட்டாதே. துணியால தூசி தட்டு, போதும். யாரையும் சாய விடாதே. ஜெர்மன் பெயிண்ட் புது மருமக மாதிரி. ஊரோட ஒத்துப்போக நாளாகும்." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இனி என் குற்றம். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை, கூட்டத்தில் உரக்கவே படியுங்கள். அந்த வருஷ ஈஸ்டருக்கு, உங்களைக் கேட்காமல், அக்யாவின் பிறந்த ஊரான இன்காவ்காவுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை காரில் வந்திருக்கிறான் என்று அவள் மனிதர்கள் பார்க்கட்டும் என்ற அற்ப ஆசை. நீங்கள் சொன்ன மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. பகல் முழுக்க வண்டி வெயிலில் நின்றது, திரும்பும் வழியில் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் துடைக்கப் போனால், முன்மூடியிலும் கூரையிலும் பின்மூடியிலும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு, பழைய பீங்கான் தட்டில் இருக்குமே அதுபோல. விரலால் தடவினால் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஆயிரம் கோடு. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்யா மட்டும், "ஒரு நாள் வெயில்ல ஒரு காரு வெடிக்குமாங்க? அப்ப இந்த ஊர் டாக்ஸியெல்லாம் எப்பவோ தூளாப் போயிருக்கணுமே?" என்றாள். உனக்கு ஜெர்மன் பெயிண்டைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன்.

அன்று ஆரம்பித்தது அண்ணா என் மறைப்பு வேலை. நீங்கள் ஊருக்கு ஐந்து முறை வந்தீர்கள். ஐந்து முறையும், நீங்கள் விமான நிலையத்தில் வந்து இறங்குவதற்கு முந்தின நாள், கறுப்பு ஷூ பாலிஷை விரலில் எடுத்து அந்த வெடிப்புகளில் தேய்த்து, துணியால் துடைத்து மினுக்கிவைத்தேன். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவீர்கள். தொட மாட்டீர்கள். "நல்லா வெச்சிருக்கேடா" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் பாலிஷ் ஒட்டிய என் விரல்களைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்வேன், இப்படி நம்புகிற மனிதரை ஏமாற்றுகிறோமே என்று. அந்த வெடிப்புக்காகவே நீங்கள் கேட்ட எதற்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அம்மாவின் மனையை உங்கள் பெயருக்கு மாற்றக் கையெழுத்துக் கேட்டீர்கள். முடியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னல் வழியே காரைப் பார்த்தேன், "சரிண்ணா" என்றேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும், "உன்னால லீவு எடுக்க முடியும், என்னால முடியுமாடா?" என்றீர்கள். காரைப் பார்த்தேன், சரி என்றேன். வாழ்க்கையே சரிண்ணா சரிண்ணா என்று போய்விட்டது.

மாமாவின் விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷம் அவர் நம் குடும்பத் தலைவர். அதில் கடைசி ஆறு வருஷம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. யார் வீட்டுச் சண்டை, யார் வீட்டுப் பெண் கேட்பு, யார் வீட்டுச் சாவு என்று ஓடினது நான். "யாவ்தான் பாதித் தலைவர்" என்று எல்லோரும் கேலியாகச் சொல்லி, அது கேலி இல்லாமலே ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்றிருந்தது, அண்ணா. யாரிடமும் சொன்னதில்லை, அக்யாவிடம்கூட. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்து பேசும்போது என் பெயரைச் சொல்வார்கள், நான் இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லி மூன்றாவது தடவை ஒப்புக்கொள்வேன் என்று கண்ணாடி முன்னால் பழகிக்கூடப் பார்த்தேன். இதையும் உரக்கப் படியுங்கள்.

உங்கள் உத்தரவு வந்தது. "காரைச் சாவு வீட்டு வாசல்ல நிறுத்து. மாமா படத்தை முன்மூடி மேல வை. நான் வரலைன்னாலும் என் கார் நிக்கணும்." வியாழக்கிழமை காரைச் சாலையோரத்தில் கார் கழுவும் சுலேமானாவிடம் கொண்டுபோனேன். வெடிப்பு இப்போது மயிரிழை இல்லை, நூல் கனம் ஆகிவிட்டது. அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, நகத்தால் ஒரு கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"பெரியவரே, இது அழுக்கில்ல. பெயிண்டே உள்ள செத்துப்போச்சு. சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அடிச்சாத்தான் போகும். மத்ததெல்லாம் மறைக்கிற வேலைதான்."

"மறைச்சாப் போதும். திங்கக்கிழமை வரைக்கும் தாங்கணும்."

"மறைக்கிறது என் தொழில்தான். ஆனா இது நம்ம பேச்சைக் கேட்காது."

கேட்கவில்லை. கழுவி, காயவைத்து, வெள்ளை மெழுகைத் தேய்த்து மினுக்கினார். மெழுகு காய்ந்ததும் ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் வெள்ளையாக உறைந்துகொண்டது. அதுவரை குனிந்து பார்த்தால் தெரிந்தது, இப்போது தெருக்கோடியிலிருந்து தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை முழுக்க அந்த வெள்ளையைக் கோடு கோடாகப் பல்துலக்கியால் நோண்டி எடுத்தோம். முதலில் என் பல்துலக்கி, அது தேய்ந்ததும் அக்யாவுடையது. அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு என் பழைய வைத்தியத்துக்கே திரும்பினேன். பன்டமா கடைகளில் இருந்த கறுப்பு ஷூ பாலிஷ் பதினாலு டப்பாவையும் வாங்கினேன். கடைக்காரி, "பெரியவரே, உங்க வீட்ல மொத்தம் எத்தனை காலு?" என்றாள். டப்பாக்களை வெயிலில் இளகவைத்து, பன்னிரண்டு டப்பாவை வெடிப்புகளுக்குள் விரலால் அழுத்தி நிரப்பி, அக்யாவின் பழைய காலுறையால் தேய்த்தோம். கார் கண்ணாடி மாதிரி ஆயிற்று. சுலேமானா மட்டும் முகம் மலரவில்லை.

"ரொம்பக் கனமா வெச்சிருக்கோம் பெரியவரே. வெயில் ஏறினா இளகும். யாராவது சாய்ஞ்சா அப்படியே ஒட்டிக்கும்."

"ஒட்டட்டுமே. சாவுக்கு வர்றவங்க எல்லாரும் கறுப்புத்தானே உடுத்திட்டு வர்றாங்க? கறுப்புல கறுப்பு ஒட்டினா யாருக்குத் தெரியும்?"

சுலேமானா முஸ்லிம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அறுபத்து நாலு வருஷமாகத் தெரியும். சனிக்கிழமை அழுவதற்குக் கறுப்பும் சிவப்பும், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு நன்றி சொல்ல வெள்ளை. எத்தனை சாவுக்கு நானே அப்படி உடுத்தியிருக்கிறேன்! கணக்கு வாத்தியாரான எனக்குச் சனிக்கு அடுத்தது ஞாயிறு என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை நான் ராஜா. மாமாவின் படத்தோடு வாசலில் நின்ற காரைப் பார்க்காதவர் இல்லை. அதன்மேல் சாய்ந்து படமெடுத்துக்கொள்ளாதவரும் இல்லை. ஒலிபெருக்கிக்காரர், "ஹாம்பர்க் நிமாக்கோவின் கார், இருபத்திரண்டு வருஷம், ஒரு கீறல் இல்லை! தம்பின்னா இப்படி இருக்கணும்!" என்று நாலு தடவை முழங்கினார். நம் சேவா பெரியம்மா, எண்பத்தாறு வயதில் குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருந்துகொண்டு யாரையும் பாராட்டாத அந்த மகராசி, என் கன்னத்தைத் தட்டி, "பொருளைக் காக்கத் தெரிஞ்சவன்தான் மனுஷனையும் காப்பான்" என்றாள். நீங்களும் போனில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்கள் முகம் கொஞ்சம் சுண்டியதாக எனக்குத் தோன்றியது. ஹாம்பர்க்கில் மழை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை. வெயில் ஏழு மணிக்கே சுட்டது. தேவாலயத்துக்குக் கிளம்புமுன் எல்லோரும் சாவு வீட்டு வாசலில் கூடினார்கள். நான் உள்ளே என் வெள்ளைத் துணியின் மடிப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு, அந்த இரண்டு 'வேண்டாம்'களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வெளியே பாதிரியார் டொன்கோர் சாய்ந்தார். பாடகர் குழுப் பெண்கள் ஒன்பது பேர் வரிசையாகச் சாய்ந்தார்கள். பெரியவர்கள் சாய்ந்து பேசினார்கள். சேவா பெரியம்மா சாயவில்லை, பின்மூடி மேல் ஏறியே உட்கார்ந்தாளாம். முதுகில் இருக்கும் கறையை எவன் பார்த்தான்? எல்லோரும் எதிரும் புதிருமாக நின்று வெள்ளை வெளேரென்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு மற்றவர்கள் வருமுன்பே தேவாலயத்துக்குப் போய் முன்வரிசைகளில் அமர்ந்தார்கள்.

காணிக்கை நேரம் வந்தது. மேளம் அடித்ததும் துக்கக் குடும்பம் முதலில் எழுந்து, கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டே காணிக்கைப் பெட்டியை நோக்கிப் போகவேண்டும். போனார்கள். பின்னால் இருந்த நானூறு பேருக்கும் அப்போதுதான் அந்தக் காட்சி கிடைத்தது. வெள்ளைத் துணியில் வரிசையாகக் கறுத்த பின்புறங்கள், இடமும் வலமுமாக, தாளம் தப்பாமல், ஆண்டவரை நோக்கி ஆடிப் போய்க்கொண்டிருந்தன. முதலில் ஒரு பெண் வீறிட்டாள். அப்புறம் சிரிப்பு. பாதிரியார் என்னவென்று கேட்க நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் வந்தார், அவர் முதுகைப் பார்த்துப் பீடத்துப் பக்கம் இருந்தவர்களும் சிரித்தார்கள். மேளக்காரன் சிரிப்பில் குச்சியைத் தவறவிட்டான். மாமா மட்டும்தான் அமைதியாக இருந்தார், அவர் முந்தின நாளே அடக்கம் ஆகிவிட்டதால்.

திரும்பி வந்ததும் சேவா பெரியம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காரிடம் போனாள். கைக்குட்டையை எச்சிலில் நனைத்து முன்மூடியில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். கறுப்பு கைக்குட்டைக்கு வந்தது, வெடிப்பு வெளியே வந்தது. அவள் மகள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், நீங்கள் ஹாம்பர்க்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"யாவ், இதை எத்தனை நாளா மறைச்சிட்டிருக்கே?"

"இருபத்திரண்டு வருஷமா, பெரியம்மா."

அப்போது நீங்கள் பேசினீர்கள். கூட்டத்தில் உங்கள் வாயாலேயே திரும்பவும் படிக்கவேண்டுமென்று சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். "அவனைத் திட்டாதீங்க பெரியம்மா. புத்தம் புதுசு மாதிரி குடுத்த வண்டி. பாவம், ஒரு காரைக்கூடக் காப்பாத்தத் தெரியல. குடும்பத்தை எப்படிக் காப்பான்? பரவாயில்லை. அடுத்த வருஷம் நான் வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடறேன். அந்தப் பாரத்தை நானே சுமக்கறேன்." பெரியவர்கள் அரை மணி நேரம் கூடப் பேசவில்லை. கறுத்த துணியோடு உட்கார்ந்திருந்த அவர்களுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே அண்ணா, கேட்டதை எழுதிவிட்டேன். காரைக் கெடுத்தவன் நான். மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வெயிலில் நிறுத்தியவன் நான். உங்கள் நம்பிக்கையைக் கெடுத்தவனும் நான்தான். நீங்கள் தலைவரானதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. நாற்பதாம் நாள் கூட்டத்துக்கு நான் வரவில்லை, எனக்குப் பதிலாக இந்தத் தாள் வரட்டும். எனக்கும் மனசு விட்டுப்போச்சுண்ணா. கார் சாவியைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

ஆண்டவர் உங்கள் முழங்காலுக்கு வலுவும், அண்ணிக்குப் பொறுமையும், உங்கள் தலைமைக்கு நீண்ட ஆயுளும் தருவாராக. நம் முன்னோர் உங்கள் வாசலில் துணையிருப்பார்களாக. அக்யா வணக்கம் சொல்லச் சொன்னாள். சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் சொல்வதுதானே முறை.

குற்றம் பொறுக்க வேண்டும்,
உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
யாவ் நிமாக்கோ.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சுலேமானா வந்தார், ஒட்டவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன் காரைச் சுத்தமாகக் கழுவித் தரும்படி நேற்று அவரிடம் விட்டிருந்தேன். உள்ளேயும் தூசி தட்டலாமென்று பின்சீட்டைத் தூக்கினாராம். இருபத்திரண்டு வருஷத்தில் அதை யாரும் தூக்கியதில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு பழைய பனியன் சுருண்டு கிடந்ததாம், அப்படியே கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். பனியன் மார்பில் ஹாம்பர்க்கில் நீங்கள் மூட்டை தூக்கிய கிடங்கின் பெயர். முன்னும் பின்னும் கறுப்பு. உள்ளே ஒரு டப்பா, காய்ந்து கல்லாகிப்போன கறுப்பு ஷூ பாலிஷ். மூடியில் ஜெர்மன் எழுத்து, அடியில் ஹாம்பர்க் கடையின் விலைச்சீட்டு. பாலிஷில் இரண்டு விரல் அழுத்தி எடுத்த பள்ளம் அப்படியே இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், எனக்குப் பெரிது. உங்களுக்குச் சரியாக இருக்கும்.

"பெரியவரே, உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இந்த வேலையைப் பார்த்திருக்காரு. உங்களை விடச் சுமாராத்தான் பார்த்திருக்காரு" என்றார் சுலேமானா. அக்யா பத்து நிமிடம் விடாமல் சிரித்தாள். அப்புறம் அம்மாவின் மனையை நினைத்து அழுதாள். நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு மணி நேரம் நல்ல கடையாகப் பார்த்து உங்களுக்குக் கெங்கே வாங்கியதை நினைத்துக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நீங்கள் சிரித்த அந்த ஐந்து சிரிப்பையும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள், அண்ணா! அந்த ஒன்பது நாளுக்காக இருபத்திரண்டு வருஷம் உங்களுக்குத் தலையாட்டினேன்.

டப்பாவும் பனியனும் இப்போது சேவா பெரியம்மாவிடம் இருக்கின்றன. வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "அவனை நாற்பதாம் நாளுக்கு வரச்சொல்லு. போன்ல இல்ல, நேர்ல" என்று மட்டும் சொன்னாள். நான் வரவில்லை என்று மேலே எழுதியது தவறு. வருகிறேன், முன்வரிசையில் உட்காருகிறேன். மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிடத்தான் பேனாவை எடுத்தேன். "அடிக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். அவரே வாய்விட்டுப் படிச்சிட்டு வந்து கடைசியில இதையும் படிக்கட்டும்" என்கிறாள் அக்யா. அவள் சொல்வதை நான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பதினாலு டப்பாவில் இரண்டு மிச்சம் இருக்கிறது. நாற்பதாம் நாள் காலையில் காருக்கு நானே கனமாகப் பூசி, வாசலில் நிறுத்திவைக்கிறேன். நீங்கள் வெள்ளை உடுத்தி வாருங்கள்.